இதில் மண் இருந்தது

எங்கள் வீட்டிலிருந்து என் தங்கச்சி வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டம், ஒரு பெட்டிக்கடை, பிறகு ஓடைமேல் ஒரு சின்னப் பாலம். எங்கள் பக்கம் கேரளம், பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அது மாநில எல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீன் வாங்கப் போகும்போதோ கல்யாணத்துக்குப் போகும்போதோ யாரும் அதை நினைத்ததில்லை. தங்கச்சியை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது, பிள்ளையைத் தூரத்தில் கொடுக்கவில்லை என்றுதான் எங்கள் அம்மை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொரோனா வந்த முதல் வருடம், ஊரடங்கு சமயத்தில், ஒரு காலையில் ஜேசிபி வந்து பாலத்தின் வாயில் மண்ணைக் கொட்டியது. ஆள் உயரத்துக்கு மண். அதன்மேல் முள்ளையும் வெட்டிப் போட்டார்கள். எந்தப் பக்கத்து அரசாங்கம் கொட்டச் சொன்னது என்று டீக்கடையில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. நான் அதில் கலந்துகொள்வதில்லை. இரண்டு பக்கமும் போலீஸ் காவல் நின்றது. எனக்கு அது போதும்.

பாறசாலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு டிடிபி கடை உண்டு. அந்த நாட்களில் பாதி ஊருக்கு பயண பாஸ் விண்ணப்பித்து அச்செடுத்துக் கொடுத்தவள் நான்தான். தங்கச்சிக்கு இதயத்தில் கோளாறு. காரக்கோணத்து ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தாள். அது எங்கள் பக்கம் இருந்தாலும் அவள் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் வேறெந்தப் பெரிய ஆஸ்பத்திரியையும் விடப் பக்கம். அவளுக்கு பாஸ் கேட்டு இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் நிராகரித்தார்கள். அதனால் மாத்திரைகளை நானே வாங்கிக்கொண்டு போய் மண்மேட்டுக்கு மேலாக நீட்டுவேன். தங்கச்சி மாப்பிள்ளை அந்தப் பக்கம் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். போலீஸ்காரர்கள் பார்த்தும் பாராததுபோல் நிற்பார்கள்.

ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். தங்கச்சிக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆட்டோவில் பாலத்துக்குக் கொண்டுவருகிறேன், அந்தப் பக்கம் ஒரு வண்டி வைத்து நில்லுங்கள் என்றார். நான் தெரிந்த ஆட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர்களும் வந்துவிட்டார்கள். முள்ளின் இடைவெளியில் ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த தங்கச்சியின் முகம் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, வெயில்ல நிக்காத," என்றாள். அவ்வளவு மெல்லிய குரல்.

எங்கள் பக்கம் காவல் நின்றவர் சின்ன வயசுக்காரர். தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிடலாம், நாலு பேர் இருக்கிறோம் என்று அவரிடம் கெஞ்சினேன். மேலிடத்தில் கேட்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கேட்கவும் செய்தார், அதை நான் மறைக்கவில்லை. மாற்றி மாற்றி போன் அடித்தார். பலரும் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் காத்திருக்கச் சொன்னார். அதற்குமேல் பொறுக்காமல் தங்கச்சி மாப்பிள்ளை ஆட்டோவை நாகர்கோவிலுக்குத் திருப்பச் சொன்னார். தக்கலை தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் அடக்கம். நான் மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பார்த்தேன். அங்கே நின்றால் அவர்கள் சபையின் தேவாலய மணி கேட்கும். மணிச்சத்தம் முதலில் காற்றில் வந்தது, கொஞ்சம் பிந்தி போனில் வந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்த ஆத்திரத்தை நான் ஆற்றிக்கொள்ளவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

மாதங்கள் கழித்து அதே போல ஒரு ஜேசிபி வந்து மண்ணை அள்ளியது. நான் குளியலறையில் இருந்த சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாளி மண் தாருங்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். செடி நடவா என்றார். இல்லை என்றேன். வாளி நிறைய அள்ளிப் போட்டார்.

அந்த மண் எங்கள் வீட்டுப் பின்வாசலில் கிடந்தது. அதற்கு ஓர் இடம் கிடைத்தது ஒரு நர்ஸால். எங்கள் தெருப்பிள்ளை, டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இரண்டாம் அலையில் அங்கே அவள் கண்டதை எல்லாம் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பியபோது, அங்கே முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக் கவசத்தையும் செத்துப்போன சிநேகிதியின் சீருடைத் தொப்பியையும் கொண்டுவந்தாள். ஒருநாள் கடைக்கு வந்து, ஊர் வாயனசாலையின் மாடி அறை சும்மா கிடக்கிறது, அங்கே செத்தவர்களுக்கு ஒரு மியூசியம் வைக்கலாமா என்று கேட்டாள். வாயனசாலை என்று நாங்கள் சொல்வது ஊர் நூலகத்தை.

"டெல்லியில ஆளுகள எண்ணினாவ, பிறகு மறந்தாவ," என்றாள். "இஞ்ச எண்ணவே இல்லாத்த ஆளுகளும் உண்டு அக்கா."

நூலகத்தின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கொரோனாவில் அவருடைய அம்மாவும் போயிருந்தார். உடனே சம்மதித்து, அம்மாவின் மூக்குக்கண்ணாடியை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து காக்கிச் சட்டை வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து, கடைசி வீடியோ அழைப்பு எடுக்கப்படாமல் போன ஒரு போன். என் சிவப்பு வாளியையும் வைத்தேன். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒட்டும் குறிப்புகளை என் கடையில் நான் அச்சடித்தேன். நர்ஸும் நானும் ஒரு விதி வைத்திருந்தோம். பொருளைக் கொண்டுவந்தவர் தமிழில் சொன்னால் தமிழில், மலையாளத்தில் சொன்னால் மலையாளத்தில், சொன்னபடியே அச்சடிக்க வேண்டும். ஒரு வார்த்தையும் நாங்களாக மாற்றக் கூடாது.

என் வாளிக்கு நான் எழுதியது இது: 'இந்த மண்ணைக் கொட்டி வழியை அடைத்தார்கள். என் தங்கச்சி அந்தப் பக்கம் இருந்தாள். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இருந்தது.'

நர்ஸ் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது சாவியை என்னிடம் தந்தாள். ஞாயிற்றுக்கிழமையாவது திறக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். திறந்தேன். சபை முடிந்து வருகிறவர்களும், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களும் ஏறிப் பார்ப்பார்கள்.

போன வருடம் அறையைப் புதுப்பிக்க ஓர் உதவி கிடைத்தது. கண்ணாடி அலமாரி, விளக்கு எல்லாம் வரும், திறந்துவைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருவார் என்றார்கள். அப்போதுதான் தலைவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வாளியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பக்கத்துக்காரர்களும் மறந்து சமாதானமாக இருக்கிறார்கள், அந்த மண் திரும்பவும் சண்டை மூட்டும் என்றார். குறைந்தது, நோய் பரவாமல் தடுக்கக் கொட்டிய மண் என்று குறிப்பையாவது மாற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

அவர் விடவில்லை. "இது கொரோனாவில செத்தவங்களுக்குள்ள இடமாக்கும். ஒங்க தங்கச்சி அதில செத்ததில்லல்லோ."

சர்ட்டிபிகேட்டைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அதில் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன்.

"சார், சாவ நோய் மட்டுமா கொண்டு வந்தது?" என்று கேட்டேன். "இந்த அறையில அவளுக்கு இடம் இல்லைன்னா, வேற எங்க உண்டு?"

"மனுசன் கொஞ்சம் மறக்கணும்," என்றார். "இல்லேல் ஜீவிக்க ஒக்காது." வாழ முடியாது என்று அவர் சொன்னது தன் அம்மாவை நினைத்துத்தான், எனக்குத் தெரியும். எழுந்து போய்விட்டார்.

பெயிண்ட் வேலை நடந்த நாட்களில் பொருள்களைக் கீழே ஓர் அறையில் வைத்திருந்தார்கள். திறப்புக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கப் போனேன். வாளியைக் காணவில்லை. பின்பக்கம் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கைப்பிடியில் மஞ்சள் பெயிண்ட். மண்ணை எங்கே என்று பெயிண்டரிடம் கேட்டேன். தலைவர் கொட்டிவிடச் சொன்னார் என்று வாழை மரத்தடியைக் காட்டினார். மழை பெய்து எல்லாம் ஒன்றாகிக் கிடந்தது. எது அந்த மண், எது வாழைக்கு இட்ட மண் என்று யாராலும் பிரிக்க முடியாது.

நான் சத்தம் போடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழைய குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இதில் மண் இருந்தது. இந்த நூலகத்தில் வைத்துக் கொட்டிவிட்டார்கள்.' மலையாளத்திலும் அதையே அடித்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், காலி வாளியை அதன் பழைய இடத்திலேயே வைத்துக் குறிப்பை ஒட்டினேன்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வாளி முன்னால் நின்று மலையாளக் குறிப்பை வாசித்தார். வாளியில் இருந்த மண்ணை யார் கொட்டினார்கள் என்று கேட்டார்.

"ஞானாணு சார்," என்றார் தலைவர், மலையாளத்தில். நான்தான் என்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்கு நகர்ந்தார். ஆனால் அந்த வாரமே நூலகக் கமிட்டி கூடியது. ஊர் நூலகத்தை அவமானப்படுத்தும் குறிப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைத் திருப்பித் தர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். சாவியையும் தரமாட்டேன், குறிப்பையும் எடுக்கமாட்டேன், வேண்டுமென்றால் போலீஸைக் கூப்பிடுங்கள், போலீஸ் முன்னால் நின்று எனக்குப் பழக்கம் உண்டு என்றேன்.

அந்தக் கூட்டத்துக்கு நான் கூப்பிடாமலே தங்கச்சி மாப்பிள்ளை வந்திருந்தார். அதுவரை அவர் இந்த அறைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. மண்ணை வைத்துக்கொண்டு அழுவது எதற்கு என்று என்னைக் கோபித்துச் சடைத்தவர். கதவுப் பக்கம் நின்றவர் உள்ளே வந்தார்.

"மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்னவன் நானாக்கும்," என்றார். "அதில எழுதியிருக்கியதில பொய் உண்டுன்னா இப்பம் எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

தலைவர்தான் முதலில் பேசினார். எழுதியது எல்லாம் உண்மை, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். மறக்க வேண்டும் என்ற தன் கருத்து மாறவில்லை என்றும் சொன்னார். எனக்கும் மாறவில்லை. இப்போதும் நானும் அவரும் பார்த்தால் பேசுவோம். சில ஞாயிறுகளில் அவரே மேலே வந்து அம்மாவின் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்.

பாலத்தடியிலிருந்து கொஞ்சம் மண் அள்ளிப் போட்டு வாளியை நிரப்பலாமே என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள். முடியாது என்றேன். அது வேறு மண்.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஆட்கள் குறையவில்லை, கூடினார்கள். முன்பு வராதவர்களும் வருகிறார்கள். போன மாதம் ஆரியங்கோட்டிலிருந்து ரப்பர் வெட்டும் ஒருவர் வந்தார். ஒரு போர்வையை மடித்துக் கொண்டுவந்திருந்தார். மனைவியுடையது. பெட் இல்லை என்று ஓர் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இருத்தியிருக்கிறார்கள். அந்தப் போர்வையைப் போர்த்தியபடியே அவள் முடிந்திருக்கிறாள். இதை எழுதினால் யாராவது கேஸ் போடுவார்களா என்று பயந்தார்.

"நடந்ததா?" என்று கேட்டேன்.

"நடந்தது."

"அப்பம் எழுதணும்."

அவர் சொல்லச் சொல்ல அடித்து, வாசித்துக் காட்டினேன். 'ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் காத்திருந்தோம்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். தான் சொன்னதுதான், ஆனால் அது சரியில்லை என்றார்.

"காத்திருந்தோம்னு போடாதுங்க. காக்க வச்சாவன்னு போடுங்க."

மாற்றினேன். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். நான் அச்சுக்குக் கொடுத்தேன்.