வாளியில் ஒரு மிளகாய்த் துணுக்கு

முஜின் சுனிமின் குரலைக் கேட்டால் அவர் துறவி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். கொரியாவின் பூசான் மீன் சந்தையில் இருபது வருஷம் அயிலை கூவி விற்ற தொண்டை அது. முப்பத்தொன்பது வயதில் மலையேறி எங்கள் பெண்துறவிகள் மடத்துக்கு வந்தார். வீட்டை விட்டார், வியாபாரத்தை விட்டார், தலைமுடியையும் விட்டார். குரலை மட்டும் விடவே முடியவில்லை. இங்கே தலை மழித்தவர்கள் எல்லோருமே சுனிம்தான், ஆனால் சந்தை சுனிம் என்று பேர் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

வந்த மறுநாளே அவரை அடுப்படியில் தள்ளிவிட்டார்கள். அங்கேதான் பார்க்கவேண்டும் அவருடைய சாமர்த்தியத்தை! நாற்பது பேருக்குச் சோறு வேகும் இரும்புக் கொப்பரையின் மூடியை ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. காதை அருகே வைத்துக் கேட்பார், விறகை இழுப்பார், அவ்வளவுதான். சோறு பூப்பூவாக இருக்கும். தியான மண்டபத்தில் உட்காருபவர்களுக்கு ஒரு கேள்வி கொடுப்பார்கள்: 'இது என்ன?' அதை மனசுக்குள் போட்டு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். முஜினுக்குச் சுவருக்கு எங்கே நேரம்? முள்ளங்கி நறுக்கும்போது கேட்டுக்கொண்டார். பாசிப்பயறில் கல் பொறுக்கும்போது கேட்டுக்கொண்டார். பதினைந்து வருஷம் கேட்டார்.

ஆனாலும் மனசில் ஒரே ஓர் ஆசை கிடந்தது. குளிர்காலத்துத் தொண்ணூறு நாள் தியானத்தில், மண்டபத்துக்குள், ஒரு மெத்தை. ஒவ்வொரு வருஷமும் தியானம் தொடங்கும் பத்தாம் மாதப் பௌர்ணமிக்கு முன் போய்க் கேட்பார். மண்டபத்தின் ஒழுங்கு பார்க்கும் ஹியோன்ஜோ சுனிம், எழுபத்திரண்டு வயசு, குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு, ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"நீ உள்ள வந்துட்டா சோறு யாரு ஆக்குவா?"

பதினாறாவது வருஷம் முஜின் தயாராகப் போனார்.

"எனக்கு உதவியா இருக்கற சோவுன் ஆக்குவா சுனிம். ஒரு வருஷமா பழக்கியிருக்கேன். நேத்து நீங்க சாப்பிட்டது அவ ஆக்குன சோறுதான். கண்டுபிடிச்சீங்களா?"

ஹியோன்ஜோ மண்டபத்தின் கோடியைக் கைகாட்டினார். "கடைசி மெத்தையில உட்காரு. உன்னால ஒரு குத்தம்னு வந்துச்சு, அன்னைக்கே அடுப்படிக்குப் போயிடணும். சந்தையில வளர்ந்த உடம்பு தொண்ணூறு நாள் அடங்கும்னு எனக்குத் தோணல."

"அடங்காட்டி நானே கரண்டியை எடுத்துக்கிறேன்" என்றார் முஜின்.

அன்று மாலை அடுப்படியை ஒப்படைத்தார். எந்த விறகு புகையும், எந்தச் சாடியில் கிம்ச்சி என்கிற மிளகாய் தடவிய கோஸ் ஊறுகாய் புளித்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒப்பித்தார். சோவுன் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போதும் சுனிம், பொண்ணைக் கட்டிக்கொடுக்கற அம்மா மாதிரி பேசறீங்க. உங்க கொப்பரையை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

"வாய் இருக்கற அளவுக்குக் கை இருக்கணும்டி உனக்கு" என்று சொல்லிவிட்டு, முஜின் சிரித்துக்கொண்டே மண்டபத்துக்கு நடந்தார்.

முதல் நாள் மதியச் சாப்பாடு. முப்பது பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே, ஆளுக்கு நாலு பாத்திரம். பேச்சு மூச்சு கிடையாது. தின்று முடித்ததும் ஒரு துண்டு கிம்ச்சியால் பாத்திரத்தை வழித்து அதையும் தின்றுவிடவேண்டும். பிறகு தெளிந்த தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைப் பொது வாளியில் ஊற்றவேண்டும். அது பசித்த பேய்களுக்குப் போகிற தண்ணீர். பாவம், அவற்றுக்கு ஊசித்துளை அளவுதான் தொண்டை. ஒரு துணுக்கு கிடந்தாலும் தொண்டையில் நெருப்பாகிவிடும். அதனால் வாளியில் ஏதாவது தெரிந்தால் அந்த எச்சில் தண்ணீரை மண்டபமே பங்குபோட்டுக் குடிக்கவேண்டும். பேய்களுக்கும் ஒரு மரியாதை உண்டு எங்களிடம்.

வாளி தலைமை வரிசையில் தொடங்கிக் கடைசி மெத்தைக்கு வந்தது. முஜின் ஊற்றக் குனிந்தார். தண்ணீரில் சிவப்பாக ஒரு மிளகாய்த் துணுக்கு மிதந்தது.

அவருக்கு அது யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. போன குளிர்காலத்திலிருந்தே ஹியோன்ஜோ சுனிம் கரண்டியைத் தடவித்தான் எடுத்தார். மிளகாய் ஒட்டியிருந்தால் அவர் கண்ணுக்குத் தெரியாதே என்று, அவருக்குப் போகும் கிம்ச்சித் துண்டை மட்டும் முஜின் தனியாக மூன்று தடவை கழுவி வைப்பார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சோவுனிடமும் சொல்ல மறந்துவிட்டார்.

வாளி தூக்கியவள் சைகைக்கான மூங்கில் கட்டையைத் தட்டினாள். எல்லாத் தலையும் திரும்பியது. கடைசியாகக் குனிந்தவர்மேல்தானே கண் போகும்?

"முஜின்," என்றார் ஹியோன்ஜோ. "இது உன்னோடதா?"

ஆமாம் என்றால் பொய். துறவி பொய் சொல்லக்கூடாது. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். பதினாறு வருஷத்து மெத்தை முழங்காலுக்குக் கீழே சுடச்சுட இருந்தது.

"என் பாத்திரத்துலேருந்து விழல சுனிம். ஆனா குத்தம் என்னோடதுதான். அடுப்படியை ஒப்படைக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன்."

"என்ன விஷயம்?"

சந்தையையே கிடுகிடுக்க வைத்த வாய் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

"சொல்லாட்டி நீ எழுந்து போகணும். தெரியும்ல?"

"தெரியும் சுனிம்." முஜின் தன் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் துணியில் கட்டத் தொடங்கினார். கண் கலங்கியது.

ஹியோன்ஜோ சுனிம் தன் கிம்ச்சிப் பாத்திரத்தை விரலால் தடவினார். விரலை நாக்கில் வைத்தார். காரம். ஒரு வருஷமாகத் தன் கிம்ச்சியில் காரமே இல்லாதிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். முகம் மாறியது. மெள்ள எழுந்து, முப்பது பேர் பார்க்க, அந்த நீள மண்டபத்தைக் கடந்து கடைசி மெத்தைக்கு முன்னால் வந்து மண்டியிட்டார். தன் பாத்திரத்தை இரு கையாலும் நீட்டினார்.

"எனக்குக் கண்ணு தெரியல முஜின். ஒரு வருஷமா மறைச்சுட்டேன். பார்த்துச் சொல்லு, இன்னும் இருக்கா?"

முஜின் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு ஒட்டியிருக்கு சுனிம். விளிம்புல, இடது கைப் பக்கம்."

ஹியோன்ஜோ அதை விரலால் எடுத்துத் தின்றார். வாளியை வாங்கி முதல் பங்கை அதே பாத்திரத்தில் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு வாளி எல்லோரிடமும் போனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் யார் என்று எவராவது கேட்டால் அந்த மதியத்தைத்தான் சொல்வேன்!

"மூட்டையை அவிழு," என்றார் ஹியோன்ஜோ. "தொண்ணூறு நாள் முடியற வரைக்கும் இந்த மெத்தையை விட்டு நீ எழுந்து போகக்கூடாது."

"போக மாட்டேன் சுனிம்!" என்றார் முஜின்.

காகித ஜன்னல்கள் அதிர்ந்தன. முற்றத்துக்கு அப்பால் கொப்பரை தேய்த்துக்கொண்டிருந்த சோவுன் அந்தக் குரலைக் கேட்டு, ஈரக் கையோடு எழுந்து நின்று, மண்டபம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.