எல்லாப் பக்கத்திலும் எண்ணூற்று அறுபது

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதம். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பிட் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பாறையைக் குடைகிற இரும்புத் தலைதான் பிட். உலையில் சரியான சூட்டில் பதப்படுத்தாவிட்டால் பூமிக்குள்ளேயே உடைந்துவிடும்.

முதலாளி அந்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வாங்கினார். உலையின் சூட்டை எழுதி வைக்கும் பழைய பதிவேடுகளைப் படித்துத் தானே கற்றுக்கொள்ளுமாம். புது ஸ்டீலுக்கு எத்தனை டிகிரி என்று ஆறு மாதம் முட்டி மோதிக் கண்டுபிடிப்பதை ஒரே வாரத்தில் சொல்லிவிடுமாம். அதை நிறுவப் பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினீயர் கேட்டதும், ஏழு வருடப் பதிவேட்டையும் நானே டைப் செய்து கொடுத்தேன். அதில் பெருமை வேறு.

அது சொன்னபடி செய்த முதல் லோடு போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அறுநூறு அடி ஆழத்தில் பிட் கழுத்து முறிந்து மாட்டிக்கொண்டது. அந்தக் குழி அவ்வளவுதான். இன்னும் இரண்டு இடத்திலிருந்தும் இதே புகாரோடு போன் வந்தது.

மீட்டிங்கில் இன்ஜினீயர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "சிஸ்டம் சொன்னது கரெக்ட். உங்க ஆபரேட்டர் எதையோ மாத்தியிருப்பார்" என்றார். உலை பார்க்கும் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். பதினெட்டு வருடமாக அந்த உலை முன்னால் வேகிறவர். காலேஜில் படிக்கிற இரண்டு பெண்கள் அவருக்கு. "நான் தொடவே இல்லைங்க" என்பதற்கு மேல் பேசவில்லை. முதலாளி, "நாளையிலிருந்து நீ வர வேண்டாமப்பா" என்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலை வாசலில் பத்து நிமிடம் நிற்காத ஆள், நின்று வெந்தவரைக் கைகாட்டுவதா? பதிவேட்டைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராகக் காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன்.

புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் எண்ணூற்று அறுபது டிகிரி. மழைக்கும் அதே, சித்திரை வெயிலுக்கும் அதே.

"ஏண்ணா, ஒரு நாள்கூடவா மாறாது?"

"கதவுப் பக்கம் சூடு கசியுமுங்க மேடம். எப்பவும் இருபது ஏத்தித்தான் வெப்பேன். நோட்டுல மட்டும் கம்பெனி சார்ட்டுல போட்டிருக்கற டிகிரியத்தான் எழுதோணும், இல்லாட்டி ஆடிட்டுக்காரங்க கேள்வி கேப்பாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இந்தத் தடவையும் ஏத்தட்டுங்களான்னு கேட்டேன். தொடவே கூடாதுன்னுட்டாரு அந்த இன்ஜினீயரு."

சொன்னேன்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து. பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்று ஆடிட்டில் பாராட்டு வாங்கியதும் நான்தான். நான் எழுத வைத்த பொய்யைக் கற்றுக்கொண்டுதான் அந்தக் கம்ப்யூட்டர் புது ஸ்டீலுக்கும் சூட்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று அவரிடமே கத்தினேன்.

"உங்க பேரு கெட்டுப் போயிருமுங்களே" என்றார்.

திரும்பிப் போய் எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். அண்ணனின் வேலை தப்பியது. எனக்கு மெமோ வந்தது. தோட்டக்காரருக்கு வேறு குழி போட்டுக் கொடுத்தோம். மூன்று மாதம் உண்மையான டிகிரியை எழுதிக் கொடுத்த பிறகு, அதே கம்ப்யூட்டர் இன்றுவரை ஒழுங்காகத்தான் சொல்கிறது.

அன்று இன்ஜினீயர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.