கிடாய் துலுக்கிய தண்ணீர்

மணிமேகலைக்கு சாமி மேல் கோபம் வருவது புதிதல்ல. பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள். அழுகல் கையில் பட்ட உடனே வீசிவிடுவாள். மனதில் உள்ளதையும் அப்படித்தான். எட்டு வயது மகள் அன்பரசிக்கு இதயத்தில் ஓட்டை, பிறவியிலேயே உள்ளது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வாசலிலேயே வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பொறவியிலயேன்னா, வெச்சது யாரு? எறும்பக்கூட மிதிக்காத புள்ளைக்கு எதுக்கு இது?"



நாளைக்குச் சேலத்தில் ஆப்பரேஷன். இன்று சாயங்காலத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவள் புருஷன் சென்றாயனோ ஒரே பிடியாக நின்றான். குலசாமி முனியப்பன் உத்தரவு கொடுத்தால்தான் பிள்ளையின் நெஞ்சைத் திறக்க விடுவானாம். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது, சாமிக்குச் சம்மதம். உதறாவிட்டால் இல்லை.

"ஓட்ட போட்டவங்கிட்டயே அடைக்க உத்தரவு கேக்கணுமா?" என்று மணிமேகலை கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் பயம்தான்.

கோயிலில் உச்சி வெயில். பூசாரி கருப்பண்ணன் மூன்று தடவை ஊற்றிவிட்டார். கிடாய் பாட்டுக்கு நின்று வேப்பிலை மென்றது.

"என்னமோ கொறை இருக்குதுங்க. உங்க வூட்ல யாராச்சும் சாமிய ஏதாச்சும் பேசிட்டீங்களா?"

எல்லார் கண்ணும் மணிமேகலை பக்கம் திரும்பியது. அவள் சாமியைப் பார்த்தாள். நான் பேசினால் என்னைப் பிடிக்க வேண்டியதுதானே, பிள்ளையை ஏன் பிடிக்கிறாய்? இரண்டரை மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணிநேரம்தான் இருந்தது.

"துலுக்கலைன்னா போவ வேணாம்," என்றான் சென்றாயன்.

மஞ்சள் தண்ணீர்க் குடத்தருகே உட்கார்ந்திருந்த அன்பரசி தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். "அம்மா, தண்ணி சுடுது."

பிளாஸ்டிக் குடம் காலையிலிருந்து வெயிலில் கிடந்திருக்கிறது. அந்த வெந்நீருக்கு எந்த ஆடு சிலிர்க்கும்? மணிமேகலை சூடம் வாங்கி வருவதாகச் சொல்லி எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போனாள். சூடத்தோடு ஒரு கூலிங் தண்ணீர் பாட்டிலும் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் சூடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பாட்டிலைப் பூசாரியின் மஞ்சள் சொம்பில் கவிழ்த்தாள். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது.

சொம்பைத் தொட்ட பூசாரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, கிடாயின் மேல் ஊற்றினார்.

கிடாய் தலை முதல் வால் வரை உதறியது. குலவைச் சத்தம் எழுந்தது. சென்றாயன் மண்ணில் விழுந்து கும்பிட்டு அழுதான். "உத்தரவு ஆயிருச்சு. நீ புள்ளையக் கூட்டிட்டுப் போ. இங்க முடிச்சுட்டு நானும் வந்துர்றேன்."

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு கிடைத்தது. பிள்ளையை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். சாமியை ஏமாற்றியாகிவிட்டது. நாளைக்குப் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார்களே, அப்போது வெளியில் நின்று யாரைக் கூப்பிடுவது? திட்டவும் கூப்பிடவும் அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

"முனியப்பா, கோவத்த எம்மேல வெச்சுக்க. அதுக்காக வராம இருந்துராத," என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். மடியிலிருந்த பையை எடுத்து, காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் வைத்தாள்.

காரிமங்கலத்தில் கூட்டம் ஏறியது. சந்தைக் கூடையோடு வந்த ஒரு பெண் அந்தப் பையைக் காட்டினாள்.

"இங்க ஆளு வருதுங்களா?"

மணிமேகலை பையின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"வரணுங்க," என்றாள்.