அக்கா பார்த்துச் சொன்ன படம்

2009இல் நானும் அம்மாவும் செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்தோம். போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து சனத்தோடு சனமாக வெளியேறியபோது, நெரிசலில் தம்பி எங்களைவிட்டுப் பிரிந்துபோயிருந்தான். வேறு முகாமில் இருக்கிறானா, ஆஸ்பத்திரியில் இருக்கிறானா என்று யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஆசிரியை இராணுவத்துக்குத் தெரியாமல் ஒரு போனை மா மூட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தார். அதற்குத்தான் கனடாவிலிருந்து அக்கா கோல் எடுப்பார். எங்களைப் பற்றிய செய்திகளும் படங்களும் இணையத்தில் வந்துகொண்டிருந்தன. எங்கள் கண்ணில்தான் எதுவும் படவில்லை. அக்கா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து வாசிப்பார். நான் வெக்கையில் போர்வையால் தலையை மூடிக்கொண்டு கேட்பேன். “கீழை என்ன கிடக்கு? அடுத்ததைத் திறவுங்கோ” என்று நான் சொல்லச் சொல்ல அவர் திறப்பார்.

ஒருநாள் அக்கா சொன்னார், “காயப்பட்ட ஆக்களை பஸ்ஸிலை ஏத்திற படம் ஒண்டு போட்டிருக்கு. யன்னலோரம் ஒரு பெடியன் இருக்கிறான்.”

“தம்பி மாதிரியோ?”



“நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்கை அவன் அரைக்காற்சட்டையோடை நிண்டவன். இப்ப எப்பிடி இருப்பான் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? நீ அடையாளத்தைச் சொல்லு.”

“இடது புருவத்துக்கு மேலை தழும்பு. சைக்கிளாலை விழுந்தது.”

“பெருப்பிச்சுப் பார்க்கிறன்... ஓம், ஒரு கோடு கிடக்கு.”

“காது விரிஞ்சிருக்கோ?”

“ஓம், விரிஞ்ச காதுதான்.”

அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் கோப்பையில் போட்ட சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நிவாரணத்தில் கிடைத்த சேர்ட் ஒன்றைத் தம்பிக்கென்று மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா எடுக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்வார் அம்மா.

“அவன் சாப்பிட்ட முகமோ எண்டு கேள் பிள்ளை.”

“படம் அப்பிடியேதான் அம்மா கிடக்கு” என்பார் அக்கா.

முகாமைவிட்டு வெளியே விட்டபிறகு, வவுனியாவில் ஒரு நெற் கபேக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா படத்தை ஈமெயிலில் அனுப்பிவைத்திருந்தார். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் பஸ்ஸின் கூரை, பிறகு யன்னல், பிறகு அந்த முகம்.

அது தம்பி இல்லை. புருவத்துக்கு மேலே கிடந்தது வியர்வையில் ஒட்டிய மயிர். காதும் எல்லோருக்கும் இருப்பதைப் போன்ற காதுதான்.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

“இது ஆரோ பெடியன்” என்றார். பிறகு, “வேறை படம் இல்லையோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் கதிரையைவிட்டு எழும்பவில்லை. அடுத்த ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அன்று பின்னேரம் அக்கா எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நீ கேக்கக் கேக்க எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது” என்று அழுதார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் எனக்கு வேண்டிய பதிலைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. புதிதாக ஏதும் படம் வந்தால் அக்கா எடுத்துச் சொல்லத் தொடங்குவார். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.