பள்ளித் தோட்டத்து மாமரமும் என் மச்சானின் மவுத்தும்

இதை எழுத வேண்டுமென்று பல வருடங்களாக நினைத்தேன். எழுத உட்காருவேன். மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களின் குறையைக் கதைக்கக் கூடாது என்று மனம் தடுக்கும், எழும்பிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்தும் இலேசில் வராது. இப்போது என் தங்கையும் கண்ணை மூடிவிட்டாள். தெரிந்தும் ஏன் வாய் மூடியிருந்தாய் என்று நாளை மறுமையில் அல்லாஹ் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. முன்பு ஒரு பெரியவர் வக்பு செய்து கொடுத்தது. மாவும் தென்னையும், நாலைந்து பலாவும். காய்ப்பதெல்லாம் நோன்பாளிகளுக்கே சேர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ஊரார்தான் பார்த்துக்கொண்டோம், கூலி கிடையாது. மாரிக்கு முன் பாத்தி கட்டுவோம். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வேலி அடைப்போம். கச்சான் காற்று மணலைச் சுடவைக்கும் மாதங்களில் முறை வைத்துத் தண்ணீர் சுமப்போம். வெளியே வரும்போது வேலிப் படலையடியில் ஒவ்வொருவரும் இடுப்புச் சாரன் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போவோம். யாரும் கேட்பதில்லை. வக்புப் பழம் ஒன்று தவறி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் வயிற்றில் விழுந்துவிடுமோ என்ற பயம்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அந்தத் தோட்டத்தில் பாதியைப் படுக்கவைத்தது. தப்பிய பெரிய மாமரம் ஒன்று வேராடிப்போய்ப் பின்வேலிப் பக்கம் சாய்ந்தது. அதன் கொப்பு பக்கத்து வளவுக் கிடுகு வீட்டுக்கு மேலே நீண்டு நின்றது. அந்த வீட்டில் கடலுக்குப் போகிற ஒருவரின் மனைவி சின்னப் பிள்ளைகளோடு இருந்தாள்.

சில வருடங்கள் கழித்து நோன்பு மாங்காய்க் காலத்திலேயே வந்தது. காய்ப் பாரத்தில் அந்தக் கொப்பு அடியில் கீறியது. காற்றுக்கு முனகியது.

"காக்கா, இது எங்கட தலையிலதான் விழப்போகுது. புள்ளையள் உள்ளுக்க படுக்கிறதுகள்" என்று அவள் வேலியடியில் வந்து, கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல் என்னிடம் அழுதாள்.

என் தங்கையின் கணவர் அன்று தண்ணீர் முறைக்கு வந்திருந்தார். பகிடிக்காரர். "பயப்படாதீங்க ராத்தா. விழுந்தாலும் மாங்காயோடதானே விழும். நோன்பு திறக்க வேற தேடத் தேவல்ல."

"ஒங்களுக்குப் பகிடி. நான் ராவெல்லாம் கூரையப் பார்த்துக்கிட்டு இரிக்கன்."

அவர் முகம் மாறிவிட்டது.

வக்பு மரத்தில் கத்தி வைப்பதென்றால் பள்ளி நிர்வாகம் பார்க்கிற எல்லாக் குடி மரைக்கார்மாரும் கூடிச் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் சம்மாந்துறைப் பக்கம் வயல் வாடியில் தங்கியிருந்தார்கள். நானும் மச்சானும் ஊரிலிருந்த ஒரு மரைக்காரிடம் போனோம். எங்களுக்கு மாமா முறை. "அந்தக் கொப்ப மட்டும் எறக்குங்க. ஜும்ஆவுக்கு எல்லாரும் வந்தொடன நான் கதைக்கன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எங்கள் இருவர் காதில் மட்டுமே விழுந்தது.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மச்சான் ஏறினார். கத்தியை எடுக்கவில்லை. "வெட்டினா காயெல்லாம் அடிபட்டு நாசமாப் போயிரும். நோன்பாளிட சாமான். முதல்ல ஆய்ஞ்சு எறக்குவம், மச்சான்" என்றார். கூடை நிறைந்ததும் கயிற்றில் இறக்கினார். நான் அதைக் கொட்டிவரத் தென்னையடிக்குப் போனேன். கூடை திரும்பி வரும்வரை ஆய்ந்த காய்களை அவர் மடியில் கட்டிக்கொண்டார். காற்று ஒரு தரம் அடித்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

கொப்பு வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்திருந்தது. வீட்டுக்கு ஒன்றுமில்லை. அவர் அதன் கீழே கிடந்தார். உயிர் இருந்தது. வாயில் தண்ணீர் விடப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். வண்டி பிடிக்குமுன் நோன்போடு போய்விட்டார்.

சனம் ஓடிவந்து கொப்பைத் தூக்கியபோது மடி அவிழ்ந்து மாங்காய்கள் உருண்டன. "பள்ளி மாங்கா மடிக்குள்ள!" என்று ஒருவர் சொன்னார். மாலை மஃரிபுக்குள் அந்தக் கதை சாய்ந்தமருது ஊர் வரை போய்விட்டது. நோன்பு நாளில் வக்பு மாங்காய் களவெடுத்தவனை அல்லாஹ் அந்த இடத்திலேயே பிடித்தான் என்று.

நடந்ததைச் சொன்னேன். "மச்சானுக்கு மச்சான் வேற என்னத்தக் கதைப்பாரு?" என்று சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சொன்னாள். அவளுக்கு அவர்மேல் ஏன் இவ்வளவு கரிசனை என்று கேட்டார்கள். பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

யார் உத்தரவு கொடுத்தது என்று பள்ளிக் கூட்டத்தில் கேட்டபோது அந்த மரைக்கார் தலை குனிந்து தஸ்பீஹ் மணி உருட்டினார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"கூட்டம் சேராம நான் சொன்னன் எண்டு தெரிஞ்சா மரைக்கார் வேல போயிரும், தம்பி. சபுர் செய்யுங்க, பொறுமையா இரிங்க. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"அல்லாஹ்வுக்குத் தெரியும் மாமா. ஊருக்குத்தானே தெரியா."

அவர் உள்ளே போய்விட்டார்.

என் தங்கை மகளைக் குர்ஆன் ஓதப்போன இடத்தில் மாங்காக் கள்ளன்ட மகள் என்று கூப்பிட்டார்கள். குமரானதும் அக்கரைப்பற்றிலிருந்து பேசிவந்த சம்பந்தம், யாருடைய மகள் என்று கேட்டதோடு நின்றது. பிறகு வந்ததும் அப்படியே. தங்கை கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். மவுத்து வீடுகளுக்கு மட்டும் போனாள்.

அந்த மரைக்காரும் மவுத்தாகிவிட்டார். அவருக்கும் துஆக் கேட்கிறேன்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது உள்ளபடி சொல்லுங்கள். அவரை இறைநேசர், அவுலியா ஆக்க வேண்டாம். கூட்டம் கூடுமுன் ஏறினார், அதையும் சொல்லுங்கள். மடியில் மாங்காய் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். அது யாருக்காக இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவருடைய மகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாள்.