சும்மா இருந்த மூன்று மணி நேரம்

'சனிக்கிழமை. காலை 10.10 முதல் பகல் 1.10 வரை. செய்த வேலை: சும்மா இருந்தேன்.'

இது ஒரு வேலை நேரப் பதிவுத் தாளில் இருந்த வரி. எழுதியவர் கௌரி, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளையும் புரட்டிப் பார்த்தேன். அதே நேரம், அதே வரி, அதே அழகான கையெழுத்து! மூன்றையும் சேர்த்துச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர்.

விஷயம் இதுதான். ஆலங்காயம் பக்கம் ஒரு கல்லூரியில், மாணவர்கள் படித்துக்கொண்டே சேவை அமைப்புகளில் வேலை பார்க்கும் திட்டம் உண்டு. பருவத்துக்கு நாற்பது மணி நேரம். சம்பளம் கல்லூரி தரும். ஜவ்வாது மலையில் எங்களுடையதும் அப்படி ஒரு சின்ன அமைப்பு. பள்ளியைப் பாதியில் நிறுத்திய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்ப்பதுதான் வேலை. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது அடியேன். தேதியும் நேரமும் போடாமல் நான் காபி குடிப்பதில்லை என்று என் வீட்டில் சொல்வார்கள். மிகையில்லை.

அந்த ஒன்பது மணி நேரம் கணக்கில் சேராவிட்டால், கௌரிக்கு நாற்பது வராது. அடுத்த பருவத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கலசப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். விடுதிச் சாப்பாடு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, இப்படியா எழுதுவாங்க?"

"நெசத்தத்தானே சார் எழுதினேன்?"

"மக்கள் தொடர்பு மேம்பாட்டுப் பணின்னு எழுதிடேன்."

கௌரி சிரித்துவிட்டார். "அப்டி எழுதினா வட்டம் போட்ட எங்க காலேஜ் மேடம் நம்பிடுவாங்க சார். நான்தான் நம்ப மாட்டேன்."

என்ன செய்வது? அடுத்த சனிக்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். வானாராய்ச்சிக் கூடத்தின் வெள்ளைக் கோபுரம் தெரிந்ததும் கௌரி நின்றார்.

"ராத்திரி நட்சத்திரம் பாக்குறவங்க, மேகம் இருந்தா, அது வெலகுற வரைக்கும் அங்க ஒக்காந்துகினே இருப்பாங்களாமே சார். அதுக்கு சம்பளம் உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி" என்று நடையைக் கட்டினார். நானும் பின்னால் நடந்தேன்.

ஊருக்குள் நுழைந்தபோது மணி 10.20. முதல் வீட்டு வாசலில் காசியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்தேன்.

"உங்க வீட்ல படிப்பை நிறுத்தின பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

அடுத்த வீடு... இல்லீங்க. அதற்கடுத்த வீடு... எல்லாம் படிக்குதுங்க. மொத்தம் பன்னிரண்டே நிமிடம்! '10.32. இடைநின்றவர் எவருமில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மூன்று சனிக்கிழமையாக இந்தப் பெண் என்னதான் செய்தது என்று மனசுக்குள் ஒரு கேள்வி வேறு.

திரும்பி வந்தால், காசியம்மா பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் கௌரி. மடியில் ஒரு கூறு புளி.

"இன்னா கௌரி, யாரு இவுரு? ரேஷன் கார்டுல பேரு வெட்ட வந்தவரா?"

"அய்யே, இல்லக்கா. எங்க ஆபீஸ் சாரு. எல்லாத்துக்கும் டைம் எழுதுவாரு."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கூறு புளி வந்து சேர்ந்தது. உட்கார்ந்தேன். பன்றி கிழங்குக் கொல்லையைக் கிளறியதைப் பற்றிப் பேசினார்கள். பஸ் வராததைப் பற்றிப் பேசினார்கள். நான் கொட்டையோடு பாதிப் புளியையும் வீசுவதைப் பற்றி மிக விரிவாகப் பேசினார்கள். படிப்பைப் பற்றி? ஒரு வார்த்தை இல்லை. கௌரியும் கேட்கவில்லை.

மணி 12.40. காசியம்மா தலை நிமிராமல் சொன்னார்.

"நேத்து பஸ்ல யூனிபார்ம் போட்ட பொண்ணுங்களப் பாத்துட்டு எங்க தேன்மொழி வூட்டுக்கு வந்து அழுவுது. பத்து முடிச்சிட்டு நின்ன பொண்ணு. இப்ப போனா சேத்துக்குவாங்களா கண்ணு?"

என் நோட்டில் 10.32ஐ அடித்தேன். அந்தப் பக்கத்தில் இன்னமும் புளிக்கறை இருக்கிறது.

கௌரி பையிலிருந்து வேறொரு சின்ன நோட்டை எடுத்துத் தேன்மொழியின் பெயரை எழுதிக்கொண்டார். அது சேர்க்கைக் குறிப்பேடு. பிள்ளைகளின் பெயர் அதில்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. விதியைப் போட்டவனும் நானே. வாங்கிப் பார்த்தேன். அதற்கு மேல் வரியில், போன சனிக்கிழமைத் தேதியிட்டு, அதே ஊர்ப் பையன் ஒருவனின் பெயர். வேலை நேரத் தாளையும் இந்த நோட்டையும் தேதி வாரியாக ஒப்பிட்டிருந்தால் அந்தக் கேள்விக்குறிக்கு அன்றே பதில் கிடைத்திருக்கும். தேதிப் பைத்தியம் என்று பெயர் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை!

திங்கட்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனோம். ஒருங்கிணைப்பாளர் நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, இதை முதல்லயே வேலை விவரத்துல எழுத வேண்டியதுதானே?"

"அது அஞ்சு நிமிஷ வேலை மேடம். அத எழுதி மூணு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குனா பொய்யாயிடாதா?"

அந்த அம்மா பேனாவை எடுத்தார். சிவப்பு மையை அழிக்க முடியாதே... கேள்விக்குறிக்குக் கீழேயே 'ஒன்பது மணி நேரமும் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் சிக்கல். அதில் கொடுத்திருக்கும் வேலைப் பட்டியலில் 'சும்மா' கிடையாது. 'இதர பணிகள்' என்று போட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக்கு யாராவது வந்தால் 'என்ன விஷயம்?' என்று கேட்கிறோம். 'சும்மாதான்' என்று பதில் வந்தால்தானே நமக்கும் நிம்மதி? அதற்குப் பிறகுதானே உண்மையான விஷயமெல்லாம் வெளியே வருகிறது?

தேன்மொழிக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவளை யூனிபார்மில் பார்த்ததாகக் கௌரியின் தோழி ஒருத்தி சொன்னாளாம். பள்ளி வருகைப் பதிவேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே இதை உறுதி செய்யப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

காசியம்மாவையே கேட்டுவிடலாம்தான்... ஆனால் இந்தச் சனிக்கிழமை நோட்டை வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா போவதாக உத்தேசம்.