மாமாவின் ஹெட்லைட்டும் என் பெட்ரோமாக்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கறிவிருந்துக்கு ஒரு லாரி வந்தது. ஆட்கள் லாரியில் வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். லாரியேதான் வந்தது... வெளிச்சம் போட!

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கொல்லிமலைக்குக் கேம்ப் கூட்டிப்போக எனக்கு ஆசை. தினமும் வகுப்பு ஜன்னலில் தெரிகிற மலை. ஒருத்திகூட ஏறியதில்லை. தலைமை ஆசிரியை சரி சொல்லிவிட்டார். பெற்றோர்தான், "டீச்சரோட அப்பா டீச்சர உட்டாருன்னா நாங்களும் உடறமுங்க" என்று ஒரே பேச்சாக நின்றார்கள்.

அப்பாவா? "மலைல பொழுது உளுந்தா கண்ணு தெரியாது சாமி. மொதல்ல நம்ம தோட்டத்துல கரண்டு இல்லாம வெளிச்சம் போட்டு, பந்தி வெச்சுக் காட்டு. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

பரீட்சையா? எங்கள் குடும்பத்திலேயே பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். எனக்கா பயம்!

சேலம் கடைவீதியில் அலைந்தேன். அரிக்கேன் விளக்கு காற்றுக்கு அணையாது; ஆனால் பக்கத்து ஆளின் முகம் மட்டும்தான் தெரியும். கூடார வாசலுக்குச் சரி. டார்ச் — நடக்க உதவும், பந்திக்கு ஆகாது. கடைசியில் பெட்ரோமாக்ஸ். கடைக்காரரைக் கொளுத்திக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உதிரி மேண்டிலும் மறக்காமல் வாங்குங்கள். ஏனா?

மேண்டில் என்பது பட்டு வலை போல ஒரு குட்டிப் பை. விளக்கில் கட்டியதும் அதை ஒருமுறை எரித்துவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலாக அப்படியே தொங்கும். அந்தச் சாம்பல்தான் பிறகு ஜொலிக்கும். பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்து, அதன்படியே எரித்துவிட்டு, மண்ணெண்ணெய் வடிகட்டப் போனேன். திரும்பி வந்தால்...

"ஏஞ்சாமி, புதுசுன்னு சொல்லி எரிஞ்சுபோனதக் குடுத்து உன்ன ஏமாத்திப்புட்டான்! நாந்தான் சுத்தமாத் தொடச்சு வெச்சேன்" என்றாள் அம்மா. முந்தானை முழுக்கச் சாம்பல்!

அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிற என் மாமா, சிரித்த சிரிப்பில் கிடாயே மிரண்டிருக்கும். நல்லவேளை, அது ஏற்கெனவே குழம்பில் இருந்தது.

"அம்மணி, அந்தப் பொம்மையத் தூக்கிப் பரண்ல வெய்யி. மாமன் ஹெட்லைட்டப் போட்டா தோட்டமே பகலாயிரும்!"

போட்டார். பகல்தான்! லாரியைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கண் கூசி இலையே தெரியவில்லை. முதுகு காட்டி உட்கார்ந்தவர்களுக்கோ அவரவர் நிழலே இலை மேல். போதாததற்கு ஊர்ப்பட்ட பூச்சி.

"ஏ மாப்ள, இது கறியா பூச்சியா?" என்றார் அப்பா.

"பறக்காம இருந்தா கறிங்க மச்சான். தைரியமா உண்ணுங்க!"

அதற்குள் நான் அம்மாவை எட்ட நிற்கவைத்து, இன்னொரு மேண்டிலைக் கட்டி எரித்து, பம்பு அடித்தேன். உஸ்ஸ்ஸ்... வேப்பங்கிளையில் மாட்டினேன். தலைக்கு மேலே வெள்ளை வெளிச்சம்! இலை தெரிந்தது. கறி தெரிந்தது. மாமா முகம் தொங்கியதும் தெரிந்தது. ரசம் வைத்திருந்த ஸ்டவ்வின் தீ காற்றில் சாமியாடியது; அதைச் சுற்றி ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி நிறுத்தினேன் — ரசமும் கொதித்துவிட்டது.

வெளியில் விருந்து வைக்கிறவர்கள் விளக்கை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். கண்ணுக்கு நேரே வைத்த வெளிச்சம் சில சொந்தக்காரர்கள் மாதிரி... நல்லதுக்குத்தான் வரும், நிமிர்ந்து பார்க்க முடியாது!

மாமா தோற்கிற ஆளா? இன்ஜினை நிறுத்தியவர் ஹெட்லைட்டை மட்டும் அணைக்கவே இல்லை. "எது நெம்ப நேரம் எரியுதுன்னு பாத்துப்புடலாம் அம்மணி!" ரசம் பரிமாறும்போது ஹெட்லைட் மஞ்சளானது. மோருக்குச் சிவந்தது. வெற்றிலைத் தட்டு வந்தபோது... போயே போய்விட்டது. பேட்டரி காலி. மாமா சாவியைத் திருப்பினால் லாரி முனகக்கூட இல்லை. அவரோ அடுத்த லோடு ஏற்றக் கிளம்ப வேண்டும்!

அப்புறம் என்ன? கறிச்சோறு தின்ற அத்தனை பேரும் லாரியைத் தள்ளினார்கள். வழி தெரிய வேண்டாமா? பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டித்தடத்தின் ஓரமாக நான் முன்னே நடந்தேன். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி பின்னால் லாரி ஊர்வலம்!

"தள்ளுங்கப்பா!"

"சிரிக்காமத் தள்ளுங்கப்பா!"

சிரிக்காமல் எப்படித் தள்ளுவது? இறக்கத்தில் ஒருவழியாக இன்ஜின் உறுமியது. மாமா தலையை நீட்டி, "அம்மணி, உன்ற லைட்டு தேவலாம்!" என்று கத்திவிட்டுப் போனார்.

அப்பா விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். வீடு வரை அவரே தூக்கி வந்தார். வாசலில் நின்று, "புள்ளைகளப் பத்தரமாக் கூட்டிட்டுப் போய்ட்டு வா சாமி" என்றார்.

பரீட்சையில் பாஸ்! மறுநாளே போய் ஒரு கட்டு மேண்டில் வாங்கிவிட்டேன் — அம்மாவும் மலைக்கு வருகிறாளாம்!